கழற்றத் தெரிந்த பசை

கல்முனையில பஸ் ஏறித் தெற்கே போனால், சாய்ந்தமருது முடிகிற இடத்தில காரைதீவு தொடங்கிவிடும். சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த ஊர். சின்ன வயதில் கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் படித்தவர். தமிழரின் பழைய நரம்புக் கருவியான யாழ் எப்படி இருந்திருக்கும், எந்த நரம்பு என்ன நீளத்தில் என்ன சுரம் தந்திருக்கும் என்று வருஷக்கணக்காகக் கணக்குப் போட்டு அவர் எழுதிய ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அடுத்த மாதமே அவர் காலமாகிவிட்டார்.

யாழ் நூலைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் பண், சுருதி, அலகு என்று பேசுவார்கள். சரி, அது இசைக்காரரின் கேள்வி. ஒரு ஓடாவியாரிடம் அதே யாழைக் காட்டினால் அவர் கேட்கிற முதல் கேள்வி வேறாக இருக்கும். “இந்தப் பலகை அந்தப் பலகையோட எப்படி நிக்கிது?”

நரம்பைக் கட்டி முறுக்கினால் அது சும்மா இருக்காது. இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கும். இன்றைய இரும்புக் கம்பிக் கிட்டார் ஒன்றில் ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கிற பாரம் ஏறத்தாழ 70 கிலோ, அதாவது வளர்ந்த ஒரு ஆள் அதில எப்பவும் தொங்கிக்கொண்டிருக்கிற மாதிரி. வயலினில் அது 25 கிலோவுக்குக் கிட்ட. இந்த இழுவையைத் தாங்குவது மில்லிமீற்றர் கணக்கில் மெலிந்த பலகைகளும் அவற்றின் இடையில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிற பசையும்தான். ஆக நரம்புக் கருவியின் வரலாறு என்பது பாதி, எதை எதோடு எப்படிப் பொருத்துவது என்பதன் வரலாறு.

யாழின் பாகங்களைக் கூர்ந்து வருணிக்கிற சங்கப் பாட்டுகளில் ஒன்று பொருநராற்றுப்படை. அதில் யாழின் அடிப்பகுதியான பத்தர், பிளந்த மான்குளம்பு மாதிரி நடுவில் உயர்ந்து இருபக்கமும் தாழ்ந்து இருக்கிறது. அதன்மேல் தோல் போர்த்தியிருக்கிறது. அந்தத் தோல் இரண்டு பக்கமும் சேர்த்துத் தைக்கப்பட்டது. தையல் ஓடுகிற கோட்டுக்குப் புலவர் சொல்கிற உவமை, இளஞ்சூல் கொண்ட பெண்ணின் வயிற்றில் ஓடும் மெல்லிய மயிர்வரி. பத்தரின் துளைகளை மூடி இறுக்கிய ஆணிகளுக்கு உவமை, வளைக்குள் இருந்து எட்டிப் பார்க்கிற நண்டின் கண். கடற்கரையில நண்டு பிடித்துத் திரிந்த நமக்கு அந்த உவமையை யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்த வருணனையில் தையல் இருக்கிறது, ஆணி இருக்கிறது, இழுத்துக் கட்டிய தோல் இருக்கிறது. பசை என்ற பேச்சே இல்லை.

புலவர் சொல்லவில்லை என்பதற்காக அந்தக் காலத்து ஆட்கள் பசையே தொடவில்லை என்று முடிவு கட்ட மாட்டேன். ஆனால் இந்தப் பொருத்து முறை நம்மட கடலுக்குப் புதிதில்லை. இந்து சமுத்திரக் கரைகளில் பல நூற்றாண்டுகளாக மரக்கலங்களை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துத்தான் கட்டினார்கள். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மாலைதீவின் தென்னந்தும்புக் கயிறு இந்தியாவுக்கும் யெமனுக்கும் போய்க் கப்பல் தைக்கப் பயன்பட்டதாம். அவர் சொல்கிற காரணம் முக்கியம்: இரும்பாணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடைந்துவிடும், கயிற்றால் தைத்தது கொஞ்சம் இளகிக் கொடுத்துத் தப்பித்துவிடும்.

இந்த ‘இளகிக் கொடுக்கிறது’ என்ற சங்கதியை மனதில வச்சுக்கொள்ளுங்க. பசைக்கு அதுதான் விஷயம்.

பசை என்றால் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது பட்டம் ஒட்டின நறுவிலிப் பழமோ, சோற்றுப் பருக்கையோ, விளாம்பிசினோதான். கடதாசிக்கு அது போதும். மரத்துக்குப் போதாது. மரத்தை மரத்தோடு ஒட்ட உலகின் பல பக்கங்களிலும் மனிதர் அதிகம் நம்பியது, மிருகத் தோலையும் எலும்பையும் நீண்ட நேரம் காய்ச்சி எடுக்கிற பசை. எகிப்தில் தீப்ஸ் நகரத்தில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில், ஏறத்தாழ 3,450 வருஷங்களுக்கு முன் வரைந்த ஓவியம் இருக்கிறது. தச்சர்கள் வேலை செய்கிறார்கள், பக்கத்தில் நெருப்பின்மேல் பசைச்சட்டி, ஒருவர் தூரிகையால் பசை தடவுகிறார். ஐரோப்பாவிலும் நம்ம பக்கத்திலும் சென்ற நூற்றாண்டு வரைக்கும் தச்சுப் பட்டறைகளில் கிடந்த சட்டிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தமிழ்த் தச்சர் வாயில் இதன் பெயர் வச்சிரம், அல்லது வஜ்ரம். பேர் எங்கிருந்து வந்தது என்று தேடினால் வராகமிகிரர் கையில் போய் நிற்போம். ஆறாம் நூற்றாண்டில் அவர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் ‘வஜ்ரலேபம்’ பற்றி ஒரு அத்தியாயமே இருக்கிறது. கோயில், சிலை, சுவர் வேலைக்கான பசைகள் அவை. இசைக் கருவிக்கு அல்ல. ஒன்று தாவரப் பசை: பழுக்காத பனிச்சங்காய், விளாங்காய், இலவம்பூ முதலியவற்றைத் தண்ணீரில் போட்டு எட்டில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சிப் பிசின்கள் சேர்ப்பது. பனிச்சை நமக்குத் தெரிந்த மரம். வாகரைப் பக்கம் பனிச்சங்கேணி என்று ஊரே இருக்கிறது, மீனவர் வலைக்குச் சாயம் ஏற்றியதும் அந்தக் காயின் சாற்றில்தான். இன்னொரு வகை மிருகப் பசை: மாடு, எருமை, ஆடு இவற்றின் கொம்பும் தோலும், கழுதை மயிரும், வேம்பு விளாம் சாறும் சேர்ந்தது. கழுதை மயிர் எதற்கு என்று என்னைக் கேட்காதீங்க.

வச்சிரம் காய்ச்சுவது பொறுமை கேட்கிற வேலை. காய்ந்த பசைத் துண்டுகளைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அது தண்ணியைக் குடித்து வீங்கியதும் சட்டியை நேரே நெருப்பில் வைக்காமல், இன்னொரு சட்டியில் கொதிநீர் வைத்து அதற்குள் இறக்கிச் சூடாக்க வேண்டும். 60 பாகை செல்சியஸ் அளவில் அது தேன் மாதிரி ஓடும். 70ஐத் தாண்டினால் பலம் போய்விடும். தடவிய பிறகு ஓரிரு நிமிஷத்திலேயே உறையத் தொடங்கும் என்பதால் பலகையையும் சூடாக்கி வைத்துக்கொண்டு சட்டுப்புட்டென்று பொருத்தி இறுக்க வேண்டும். குளிர்நாட்டில் இது பெரிய தலையிடி. நம்மட வெயிலில் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும்.

காயும்போது இது சுருங்கும். சுருங்கிக்கொண்டே இரண்டு பலகையையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கும். எவ்வளவு பலமாக என்றால், கண்ணாடியில் தடவிக் காயவிட்டால் கண்ணாடியின் மேற்பரப்பையே செதில் செதிலாகப் பெயர்த்து எடுத்துவிடும். அலங்காரக் கண்ணாடி செய்கிறவர்கள் அதற்காகவே இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். காய்ந்த பிறகு கண்ணாடி மாதிரியே கெட்டியாகி நிற்கும். பாரத்தில் மெல்ல மெல்ல நழுவாது. கருவிக்கு இதனால் என்ன லாபம்? நரம்பின் அதிர்வு பலகைக்குப் போகிற வழியில் ரப்பர் மாதிரி ஒரு படலம் குறுக்கே நிற்காது.

எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று. பழைய கருவியின் நரம்பு மிருகக் குடலில் முறுக்கியது. போர்வை தோல். பசையும் தோல். மூன்றிலும் இருப்பது கொலாஜன் என்ற ஒரே புரதம்தான். தாவரப் பிசின் அப்படியில்லை, அது சர்க்கரைக் குடும்பம். அதனால்தான் விளாம்பிசின் தண்ணியில் கரைந்து போகிற மாதிரி வச்சிரம் சட்டென்று கரைவதில்லை. ஊறும், வீங்கும், சூடு பட்டால் இளகும்.

அரபுலகத்தின் ஊத் இந்தப் பசை இல்லாமல் பிறந்தே இருக்காது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்கிந்தி இசை பற்றி எழுதும்போது ஊதின் அளவுகளையும் நரம்புகளையும் எழுதுகிறார். ஊத் என்ற சொல்லுக்கே மரம் என்றுதான் அர்த்தம். அதன் பின்பக்கம் பாதி பிளந்த பேரிக்காய் மாதிரி வளைந்திருக்குமே, அது குடைந்தது அல்ல. மெல்லிய மரப் பட்டிகளைச் சூடுகாட்டி வளைத்து ஓரத்தோடு ஓரம் ஒட்டியது. ஆணிக்கு அங்கே இடமே கிடையாது. அந்த ஊத் ஐரோப்பாவுக்குப் போய் லூட் ஆனது, பெயரிலேயே ‘அல் ஊத்’ கேட்கிறது.

மீனிலிருந்தும் இந்தப் பசை எடுப்பார்கள். மீனின் காற்றுப்பையைக் காய்ச்சினால் வருவது இன்னும் மெல்லிய, இன்னும் இளக்கமான பசை. உஸ்மானிய வில் செய்பவர்கள் கொம்பையும் மரத்தையும் நாரையும் ஒட்ட இதை நம்பினார்கள். 1842இல் ஜோன் ஃபோர்ப்ஸ் ரொயில் என்ற ஆங்கில மருத்துவர், இந்தியக் கரைகளில் மீன் காற்றுப்பையிலிருந்து இந்தச் சரக்கை எடுக்கலாம் என்று ஒரு புத்தகமே எழுதினார்.

இனி இத்தாலியின் கிரெமோனாவுக்குப் போவோம். அன்டோனியோ ஸ்ட்ராடிவாரி (1644–1737) செய்த கருவிகளில் சுமார் 650 இன்றும் இருக்கின்றன. கோடிக்கணக்கில் விலை. ஆனால் இன்று மேடையில் கேட்கிற ஸ்ட்ராடிவாரி வயலின் அவர் கையிலிருந்து வெளிவந்தபடியே இல்லை. அவர் காலத்தில் கழுத்துப் பகுதி குட்டையாக இருந்தது, பசை தடவி உள்ளே இருந்து ஆணியும் அடித்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் மண்டபங்கள் பெரிதாகின, ஒலி கூடத் தேவைப்பட்டது, நரம்பை இன்னும் இறுக்க வேண்டி வந்தது. அப்போது கிட்டத்தட்ட எல்லா வயலின்களையும் திறந்து, கழுத்தை மாற்றி, உள்ளே இருக்கிற தாங்குகட்டையை மாற்றி, திரும்ப மூடினார்கள். எப்படித் திறந்தார்கள்? மெல்லிய கத்தியும் கொஞ்சம் ஈரமும். வச்சிரம் விட்டுக் கொடுத்தது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

வயலின் செய்கிறவர்கள் மேற்பலகைக்குப் போடுகிற பசையை வேண்டுமென்றே நீர்க்க வைப்பார்கள். மரம் ஈரத்தில் வீங்கும், வறட்சியில் சுருங்கும். அப்படி இழுபடும்போது எங்கேயாவது ஒன்று விட வேண்டும். பசை விட்டால் ஒரு மணித்தியால வேலை. பலகை வெடித்தால் கருவியே போச்சு. ஆகவே ‘ஆகப் பலமான பசை எது’ என்று கேட்பதே பிழையான கேள்வி. மரத்தை விடப் பலம் குறைந்த, ஆனால் நரம்பின் இழுவையை விடப் பலம் கூடிய பசைதான் அந்த இடத்துக்குச் சரி. இப்னு பதூதா கண்ட தைத்த கப்பலின் கதையும் இதேதான்.

ஆனால் நம்மட கரை கிரெமோனா இல்லை. மாரியில் காற்றே ஈரம்; அலுமாரிக்குள் வைத்த செருப்பில் பூஞ்சணம் பூக்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் வச்சிரம் இளகும், நீண்ட நாள் ஈரத்தில் கிடந்தால் அதிலும் பூஞ்சணம் பிடிக்கும். வெப்பநாட்டுத் தச்சர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

தஞ்சாவூர் வீணையைப் பாருங்க. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய கருவி. அதில் உசத்தி என்று சொல்வது ஏகாண்ட வீணையை. குடத்தையும் தண்டியையும் ஒரே பலாமரத்தில் குடைந்து எடுப்பது. மேற்பலகை மட்டும் தனி. ஒட்டுப்போட்ட வீணையை விட இதில் நாதம் கூட என்பார்கள், இருக்கலாம். எனக்கு இதில் ஒரு தச்சுப் புத்தியும் தெரிகிறது: அதிக இழுவை விழுகிற இடத்தில் மூட்டே இல்லாவிட்டால், அங்கே பசை விடுமோ என்ற கவலையும் இல்லை. ஊத்காரர் பசையை நம்பி மரத்தை மெலிதாக்கினார். தஞ்சாவூர்க்காரர் மரத்தை நம்பிப் பசையைக் குறைத்தார்.

அதே வீணையில் இன்னொரு பசை ஒளித்துக்கொண்டு நிற்கிறது. தண்டியின் மேல் 24 பித்தளை மெட்டுகள் வரிசையாக இருக்கும். அவை ஆணியாலோ வச்சிரத்தாலோ நிற்கவில்லை. தேன்மெழுகும் கரித்தூளும் சேர்ந்த கறுப்பு மெழுகில் பதிந்து நிற்கின்றன. தேன்மெழுகு உருகுவது 62–64 பாகையில், கிட்டத்தட்ட வச்சிரம் ஓடுகிற அதே சூடு. நாள்பட மெழுகு நெகிழ்ந்து மெட்டு அசைந்தால், சுரம் விலகினால், மெழுகை இளக்கி ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டுத் திரும்பப் பதிப்பார்கள். மேளம் கட்டுதல் என்று அதற்குப் பேர். ‘ஏன் இரும்பு மாதிரி இறுக்கி ஒட்டிவிடக் கூடாது’ என்று கேட்டால் பதில் சுலபம்: ஒட்டினால் திருத்த முடியாது. அசையும் என்று தெரிந்தே, அசைக்கக் கூடிய பசையைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். பலவீனம் மாதிரித் தெரிகிற அந்த மெழுகுதான் ஒரே வீணையைப் பேரப்பிள்ளை காலம் வரை கொண்டு வருகிறது.

திரும்ப நம்மட கரைக்கு வருவோம். முஸ்லிம் ஊர்களின் பேர்போன கருவி றபான். அது நரம்பு இல்லை, தோல். நரம்புக் கருவி இந்தக் கரையில் ஊன்றியதற்குப் பெரிய காரணம் மட்டக்களப்புப் பறங்கியர். போர்த்துக்கேயர் 1628இல் அங்கே கோட்டை கட்டினார்கள், பத்து வருஷத்தில் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆட்சி போனது, வயலின் நின்றது. பறங்கியரின் காப்பிரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலினும் கிட்டாரும் மண்டலினும் வாசிப்பார்கள். அதே சமூகத்தின் பரம்பரைத் தொழில்களில் தச்சு முக்கியமானது. வாசிக்கிற கையும் உளி பிடிக்கிற கையும் ஒரே வீட்டில் இருக்கிற இடத்தில் கருவி சாகாது. 2004 டிசம்பர் 26 அவர்களுடைய டச் பார் குடியிருப்பையும் விட்டுவைக்கவில்லை, கல்முனையையும் மருதமுனையையும் சாய்ந்தமருதையும் விட்டுவைக்காத மாதிரியே.

பசைச்சட்டி பட்டறையை விட்டுப் போன கதை குறுகியது. 1912இல் ஜேர்மனியில் ஃபிரிட்ஸ் கிளாட்டே என்பவரின் ஆய்வில் தொடங்கிய ஒரு இரசாயனம் பிறகு வெள்ளைப் பசையானது. இந்தியாவில் 1959இல் ஃபெவிகோல் வந்தபோது அதன் குறியே தச்சருடைய வச்சிரச்சட்டிதான். ஊறப்போட வேண்டாம், காய்ச்ச வேண்டாம், நாறாது, மூடியைத் திறந்து தடவினால் போதும். எந்த ஓடாவி வேண்டாம் என்பார்? கதிரைக்கும் கதவுக்கும் அது நல்ல பசை. அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இன்று நம்மட ஹாட்வெயார் கடைகளில் கெமிஃபிக்ஸ் போத்தல் கேட்டால் கிடைக்கும், வச்சிரம் கேட்டால் கடைக்காரர் நம்மைப் பார்ப்பார்.

நரம்புக் கருவியில் மட்டும் அது சில இடங்களில் சிக்கல். வெள்ளைப் பசை காய்ந்தாலும் ஓரளவு ரப்பர் குணம் விடாது. தொடர்ந்து இழுவை இருந்தால், அதுவும் வெயிலில் நிறுத்திய வானுக்குள் இருந்தால், மயிரிழை மயிரிழையாக நழுவும். கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கி நிற்கிற கிட்டார்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. இரண்டாவது சிக்கல் பெரியது: பழைய வெள்ளைப் பசைக்கு மேல் புதுப் பசை பிடிக்காது. மரம் தெரியும் வரை சுரண்ட வேண்டும், சுரண்டும்போது மரமும் போகும். வச்சிரத்துக்கு மேல் புது வச்சிரம் போட்டால் பழையது இளகிப் புதியதோடு சேர்ந்துகொள்ளும். பிறகு இருக்கிறது அரல்டைட்டும் சூப்பர் குளூவும். விட்டுப்போன பிரிட்ஜை அரல்டைட் போட்டு ‘இனி ஜென்மத்துக்கும் கழறாது’ என்று தருவார்கள். உண்மைதான். அடுத்த முறை பலகையோடுதான் கழறும்.

என்னைக் கேட்டால், ஒருபோதும் திறக்கத் தேவையில்லாத மூட்டுக்கு, அதாவது இரண்டு துண்டை ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பின்பலகை செய்வதற்கு, நல்ல வெள்ளைப் பசையோ மஞ்சள் மரப்பசையோ போதும். நம்மட ஈரத்துக்கு அதுதான் நிம்மதி. மேற்பலகை, பிரிட்ஜ், கழுத்து மூட்டு, விரல்பலகை, இவை என்றைக்காவது திறபட வேண்டியவை. அங்கே வச்சிரம். ஈரத்துக்குப் பயந்தால் கருவியைச் சுவரில் மாட்டாமல் பெட்டிக்குள் வையுங்க, மாரியில் கம்பியைக் கொஞ்சம் தளர்த்துங்க.

வச்சிரம் என்ன தோலில் செய்தது என்று நம்மட ஊரில் கட்டாயம் ஒரு ஆள் கேட்பார். நியாயமான கேள்வி. கருவிக்கு வாங்குகிற பசையில் மாட்டுத் தோலில் எடுத்தது கிடைக்கும். விற்கிறவரிடம் கேட்டு வாங்கலாம். ஹஜ்ஜுப் பெருநாள் முடிய உழ்ஹிய்யாத் தோல் குவிந்து கிடப்பதைப் பார்க்கும்போது இன்னொரு யோசனையும் வரும். ஒரு காலத்தில் உலகத்தின் இசை பூராவும் அந்தத் தோலில்தான் ஒட்டி நின்றது.

வீட்டில் பழைய வயலினோ கிட்டாரோ இருந்தால், எந்தப் பசை என்று நீங்களே பார்க்கலாம். மூட்டோரமாக வெளியே பிதுங்கிக் காய்ந்த பசையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு துளி, வார்னிஷில் படாமல் வையுங்க. சில நிமிஷம் கழித்து விரலால் தொட்டால் பிசுபிசுப்பது வச்சிரம். வெள்ளையாக மாறி ரப்பர் மாதிரி உருள்வது வெள்ளைப் பசை. ஒன்றுமே ஆகாமல் கண்ணாடி மாதிரி நின்றால் யாரோ அரல்டைட் ஊற்றியிருக்கிறார்கள். முதல் வகை என்றால் அந்தக் கருவியை எறிஞ்சிடாதீங்க. எத்தனை துண்டாகக் கழன்று கிடந்தாலும் எல்லாத் துண்டையும் ஒரு பையில் போட்டு வையுங்க.